ராணி இல்லாத ஆட்டம்: காஸ்பரோவ், கிராம்னிக், ஆனந்த்



இண்டர்வியூவுக்குப் போன எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். உங்க பலம் என்ன, பலவீனம் என்ன? முதல் கேள்விக்கு மனப்பாடமா ஒரு பதில் இருக்கும். ரெண்டாவதுக்கு, "எல்லாம் கச்சிதமா இருக்கணும்னு ரொம்ப மெனக்கெடுவேன் சார்"னு ஒரு அழகான பொய் இருக்கும். கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க.

உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கு மோதுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளும் அவருடைய குழுவும் மாதக்கணக்கில் உட்கார்ந்து உங்களுடைய ஒவ்வொரு ஆட்டத்தையும் பிரிச்சு மேய்ஞ்சிருப்பாங்க. அங்கே இந்தக் கேள்வி நிஜமாகவே வந்து நிற்கும். எனக்குத் தெரிஞ்சதை வச்சு அடிக்கவா, இல்லை, எங்கே அடி விழும்னு பார்த்து அதை அடைக்கவா?

இன்னைக்கு மூணு போட்டிகளோட கதை. 2000, 2008, 2013. லண்டன், பான், சென்னை. செஸ் தெரியாதவங்களும் கேட்கலாம், காய்கள் எப்படி நகரும்னு மட்டும் தெரிஞ்சா போதும். பக்கத்துல போர்டு இருந்தா எடுத்து வச்சுக்குங்க.

லண்டனிலிருந்து தொடங்குவோம். 2000 அக்டோபர். கேரி காஸ்பரோவுக்கு 37 வயது. 1985-இல், 22 வயதில் உலக சாம்பியன் ஆனவர். பதினைந்து வருஷமா அவரை ஒரு மேட்சில் யாரும் வீழ்த்தியதில்லை. 1999 ஜூலையில் அவருடைய ரேட்டிங் 2851. அதுவரை யாருமே எட்டாத உயரம். எதிரில் விளாடிமிர் கிராம்னிக், வயது 25.

கிராம்னிக் அந்த நாற்காலிக்கு வந்த விதத்தில் ஒரு சின்ன நெருடல் உண்டு. 1998-இல் ஸ்பெயினில் நடந்த தகுதிப் போட்டியில் அவர் அலெக்ஸி ஷிரோவிடம் தோற்றவர். ஜெயிச்ச ஷிரோவுக்குத்தான் காஸ்பரோவோடு ஆடும் உரிமை. அந்த மேட்சுக்குப் பணம் கிடைக்கவில்லை, நடக்காமலே போச்சு. கடைசியில் தோற்றவருக்கு வாய்ப்பு வந்தது. என்னைக் கேட்டால் ஷிரோவுக்கு நடந்தது அநியாயம். அதைத் தனியாப் பேசணும், இன்னைக்கு வேண்டாம்.

காஸ்பரோவுடைய பலம் என்ன? வீட்டிலேயே, தன் குழுவோடு, ஓப்பனிங்கை ஆழமாகத் தோண்டி வச்சிருப்பார். போர்டுக்கு வந்ததும் அந்தப் புதையலை எடுத்து வீசுவார். எதிராளி திகைச்சு நிற்கும்போது தாக்குதல் ஆரம்பிச்சிருக்கும். ஒரு முறை முன்கை கிடைச்சிட்டா விடமாட்டார்.

இதை நேரடியா அனுபவிச்சவர் நம்ம விஸ்வநாதன் ஆனந்த். 1995, நியூயார்க், உலக வர்த்தக மையக் கட்டடத்தின் 107-ஆவது மாடி. முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயிச்சார். பத்தாவதில் காஸ்பரோவ் வீட்டில் தயார் செய்த ஒரு திட்டத்தோடு வந்து, ஒரு யானையையே தூக்கிக் கொடுத்து, ஆனந்தை நொறுக்கினார். அடுத்த ஆட்டத்தில் அவர் வழக்கமாக ஆடாத டிராகன் தடுப்பாட்டத்தை இறக்கினார். அதிலும் ஜெயிச்சார். ஐந்து ஆட்டத்துக்குள் நாலு வெற்றி. மேட்ச் முடிஞ்சு போச்சு.

அந்த நியூயார்க் மேட்சில் காஸ்பரோவுக்கு உதவியாளர்களாக இருந்தவர்களில் ஒருத்தர் யார் தெரியுமா? கிராம்னிக். அந்த இயந்திரம் எப்படி ஓடுது, எந்தப் பல்சக்கரம் எதைச் சுத்துதுன்னு உள்ளே இருந்து பார்த்த ஆள். அதுக்கும் முன்னாடி, 1992 மணிலா ஒலிம்பியாடில், 16 வயசுப் பையனான அவரை ரஷ்ய அணியில் சேர்க்கச் சொல்லி வாதாடியவரும் காஸ்பரோவ்தான்.

சரி, லண்டன். முதல் ஆட்டம், காஸ்பரோவுக்கு வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார், அதாவது இ4. அடுத்து ஸ்பானிஷ் ஓப்பனிங். அவர் வாழ்நாள் பூரா ஊறிய இடம். மூன்றாவது நகர்வில் கிராம்னிக் ஒரு குதிரையை வெளியே எடுத்தார். பெர்லின் தடுப்பாட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். பெரிய மேட்சுகளில் அதை யாரும் பெரிசா மதிக்காத காலம் அது.

இதில் என்ன நடக்கும்னு நிதானமாகச் சொல்றேன், ஏன்னா கதையே இதுதான். எட்டாவது நகர்வில் வெள்ளை ராணி கருப்பு ராணியை வெட்டும். கருப்பு ராஜா அதைத் திருப்பி வெட்டியாகணும். ரெண்டு ராணியும் போர்டை விட்டுப் போயாச்சு. கருப்புக்கு நஷ்டக் கணக்கைப் பாருங்க. ராஜா நகர்ந்துட்டதால இனிமே கேஸ்லிங் கிடையாது. ராணிப் பக்கத்தில் ரெண்டு சிப்பாய் ஒன்றின் பின் ஒன்றாக மாட்டிக்கிட்டிருக்கு. எல்லாக் காய்களையும் மாற்றிக்கொண்டு வெறும் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் வெள்ளைதான் ஜெயிக்கும். ஏன்னா வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் ஒரு சிப்பாய் அதிகம், அது ராணியாகப் போய்விடும். இவ்வளவுக்கும் பதிலா கருப்புக்குக் கிடைப்பது ரெண்டு பிஷப்பும், உடைக்கக் கஷ்டமான ஓர் அமைப்பும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. கிராம்னிக் தற்காப்பா ஆடினார், தன் பலவீனத்தை மூடிக்கிட்டார்னு பலர் சுருக்கமாகச் சொல்லிடுவாங்க. ஆனா போர்டைப் பார்த்தால் நேர்மாறா இருக்கு. அவர் கண்ணுக்குத் தெரியும் பலவீனங்களைக் கை நீட்டி வாங்கிக்கிட்டார். கேஸ்லிங் போச்சு, சிப்பாய் அமைப்பு போச்சு. அதுக்கு அவர் கேட்ட விலை ஒண்ணே ஒண்ணு: ராணிகள் போகணும். ராணி இல்லாத போர்டில் ராஜாவைத் துரத்தும் தாக்குதல் கிடையாது. தாக்குதல் இல்லைன்னா காஸ்பரோவுடைய பாதிக் கைவரிசைக்கு அங்கே வேலையே இல்லை. மத்தவங்க அந்த நிலையில் வெள்ளையை விரும்பலாம். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் அது வெறும் களிமண் ஆடுகளம், வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுத்த மாதிரி.

முதல் ஆட்டம் 25 நகர்வில் டிரா. இரண்டாவதில் கிராம்னிக் வெள்ளை, ஜெயிச்சார். மூணாவதில் மறுபடி பெர்லின், மறுபடி டிரா. காஸ்பரோவ் நடுவில் ரெண்டு ஆட்டங்களில் வேற ஓப்பனிங் முயற்சி செஞ்சார், ஒண்ணும் கிடைக்கலை. ஒன்பதாவதில் மறுபடி பெர்லினுக்கே வந்தார். டிரா. பத்தாவதில் கிராம்னிக் 25 நகர்வில் இன்னொரு வெற்றி. பதின்மூன்றாவது ஆட்டம்: ரெண்டு புள்ளி பின்தங்கி நிற்கும் சாம்பியன், வெள்ளைக் காய்கள் கையில். நாலாவது முறையா பெர்லின். 14 நகர்வில் டிரா.

ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே போய் முட்டினார்? திமிர்னு சொல்றது சுலபம். எனக்கு அது முழுசா ஒப்பலை. அவர் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. இந்த நிலை வெள்ளைக்கு நல்லதுன்னு அன்றைய செஸ் உலகமே நம்புச்சு. ஆடுறவர் உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர். நல்ல நிலை, நல்ல ஆட்டக்காரர், அப்புறம் எதுக்கு ஓடணும்? அந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒண்ணுதான். நிலை வெள்ளைக்கு நல்லது, ஆனா இந்த வெள்ளைக்கு இல்லை.

மேட்ச் 8.5-க்கு 6.5 என்று முடிஞ்சது. பதினைந்து ஆட்டங்களில் காஸ்பரோவ் ஒண்ணுகூட ஜெயிக்கலை. அதுக்கப்புறம் அந்த ஓப்பனிங்குக்கு எல்லாரும் வச்ச பேர் 'பெர்லின் சுவர்'. நிஜமான சுவர் இடிஞ்சு பதினோரு வருஷம் கழிச்சு லண்டன்ல ஒண்ணு எழுந்திருக்கு.

இது முதல் முறை இல்லை. 1960-இல் 23 வயது மிகைல் தால், காய்களை அள்ளி அள்ளிக் கொடுத்துத் தாக்கி, மிகைல் போட்வின்னிக்கிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். அடுத்த வருஷ மறு மேட்சில், ஐம்பதை நெருங்கும் போட்வின்னிக் சிக்கல் எதையும் வளரவிடாமல், முடிஞ்சபோதெல்லாம் ராணிகளை மாற்றிக்கொண்டு, 13-க்கு 8 என்று திருப்பி வாங்கினார். ஆனா தாலுக்கு அப்போ சிறுநீரகக் கோளாறு, உடம்பு முடியாத நிலை. முழுப் பெருமையையும் திட்டத்துக்குக் கொடுக்க எனக்கு மனசு வரலை.

இப்போ எட்டு வருஷம் தாண்டுவோம். 2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். ஆனந்த் 2007-இல் மெக்சிகோ சிட்டியில் நடந்த போட்டியில் ஜெயிச்சு உலக சாம்பியன் ஆகியிருந்தார். ஆனா பட்டம்னா ஒருத்தரோடு ஒருத்தர் மோதி ஜெயிக்கணும், டோர்னமெண்டில் வாங்குவது என்ன பட்டம்னு முணுமுணுப்பு இருந்தது. அந்த முணுமுணுப்புக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர், மேட்சில் காஸ்பரோவையே சாய்ச்ச கிராம்னிக். பன்னிரண்டு ஆட்டம்.

ஆனந்த் சின்ன வயசிலிருந்து இ4 ஆடுகிறவர். அதுதான் அவர் கையெழுத்து. அதில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. பலத்தை வச்சு ஆடுன்னு சொல்றவங்க, இ4 ஆடுன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா இ4-க்கு எதிரா கிராம்னிக் வச்சிருந்தது ரெண்டு பூட்டு. ஒண்ணு பெர்லின், இன்னொண்ணு பெட்ராஃப். ரெண்டுமே ஆட்டத்தை ஆறவைத்து உப்புச்சப்பில்லாமல் ஆக்குகிற வேலை.

இரண்டாவது ஆட்டம், ஆனந்துக்கு முதல் முறையா வெள்ளை. அவர் கை ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாய்க்குப் போச்சு. டி4. அதுவரை அவர் அபூர்வமாகவே ஆடிய ஆட்டம். கிராம்னிக்குக்கோ அது பிறந்து வளர்ந்த வீடு.

அடுத்தவன் வீட்டுக்குள்ள போய் சண்டை போடுறதா? ஆமா. ஆனா ஆனந்த் எதை விட்டார், எதை வச்சுக்கிட்டார்னு கவனிங்க. அவர் விட்டது இ4 என்கிற பழக்கத்தை. அவருடைய நிஜமான பலம் எப்பவுமே வேறொண்ணு. எல்லாக் காயும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டு நிற்கும்போது, யார் யாரை வெட்டினால் என்ன ஆகும்னு மின்னல் வேகத்தில் கணக்குப் போடுற மூளை. இளம் வயசில் சில நிமிஷங்களிலேயே ஆட்டத்தை முடிச்சிட்டு எழுந்து போகிற பையன்னு பேர் வாங்கினது அதனாலதான். இ4 ஆடினால் அந்த மூளைக்கு வேலை கொடுக்காத நிலைகளுக்குக் கிராம்னிக் இழுத்துட்டுப் போவார். டி4 ஆடினால் அவரால் அது முடியாது, அங்கே கலகலப்பு உண்டு. அதுக்காக பீட்டர் ஹெய்ன் நீல்சன், காசிம்ட்ஜானோவ், வோஜ்டாஷெக், நம்ம சூர்ய சேகர் கங்குலி என்று ஒரு குழு ஆனந்தோட உட்கார்ந்து, பல வருஷ வழக்கத்தையே மாற்றி வச்சது.

உண்மையான வெடி கருப்புக் காய்களில் இருந்தது. மூன்றாவது ஆட்டம். கிராம்னிக் வெள்ளை, அவருக்குப் பிடிச்ச டி4. ஆனந்த் மெரான் என்கிற கூர்மையான வழிக்குள் இறங்கினார். பதினாலாவது நகர்வில் பிஷப்பை ஓரமா ஒதுக்கி வச்சார். பார்த்தால் ஒண்ணுமே இல்லாத நகர்வு. வீட்டிலிருந்து கொண்டு வந்த வெடிகுண்டு அது. சிப்பாய்களைக் கொடுத்துட்டு, யானைக்குக் கிராம்னிக் ராஜாவின் வாசலைத் திறந்துவிட்டார். சிப்பாய் கணக்கில் கிராம்னிக் பணக்காரர். கடிகாரத்தில் ஏழை. ஒவ்வொரு நகர்வுக்கும் அவர் யோசிச்சு யோசிச்சு நேரம் கரைஞ்சது. 41-ஆவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இப்போ கிராம்னிக் முன்னால் ஒரு முடிவு. ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடி அவருக்கு வெள்ளை. விலகிப் போக எத்தனையோ அமைதியான வழிகள் இருந்தது. அவர் அதே மெரானுக்குள், அதே பாதையில் திரும்பப் போனார். லண்டனில் எதிரில் இருந்தவர் செஞ்சதைத்தான் எட்டு வருஷம் கழிச்சு இவரும் செஞ்சார். இது என் வீடு, இங்கே நான் தோற்க மாட்டேன்னு பலசாலிக்கு ஒரு நம்பிக்கை வந்துடுது. முதல் அடி விபத்துன்னு தோணுது.

29-ஆவது நகர்வில், சும்மா நிற்கிற மாதிரி இருந்த ஒரு சிப்பாயைக் கிராம்னிக் குதிரையால் வெட்டினார். ஆனந்த் ராணியைக் கொடுத்து, திரும்ப வாங்கி, நேரே ஓடி வந்தார். 34-ஆவது நகர்வில் குதிரையை இ3-இல் கொண்டு வந்து வச்சார். அதை வெட்டினால் பின்னால் வரும் கருப்புச் சிப்பாயை நிறுத்த முடியாது. அஞ்சு நகர்வு முன்னாடியே அந்த இ3-ஐப் பார்த்திருக்கணும். கிராம்னிக் பார்க்கலை. அடுத்த ஆட்டத்தில், டி4 ஆடியே, ஆனந்த் இன்னொண்ணும் ஜெயிச்சார். ஆறு ஆட்டத்தில் 4.5-க்கு 1.5.

பத்தாவதை கிராம்னிக் ஜெயிச்சார், நல்ல ஆட்டம் அது. பதினொண்ணாவதில் ஆனந்துக்கு வேண்டியது வெறும் டிரா. வெள்ளைக் காய்கள். இப்போ என்ன ஆடினார் தெரியுமா? இ4.

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. பெர்லின் ஆடலாமே? பெட்ராஃப் ஆடலாமே? ஆட முடியாது. அது ரெண்டும் டிரா வாங்குற பூட்டு, கிராம்னிக்குக்கு வெற்றி வேணும். தன் சுவரைத் தானே விட்டு வெளியே வந்து சிசிலியன் ஆட வேண்டியதாச்சு. அது ஆனந்த் ஊறிய இடம். 24 நகர்வில் டிரா. 6.5-க்கு 4.5. முணுமுணுப்பு அடங்குச்சு. இதே கிராம்னிக் 2010-இல் டோபலோவுக்கு எதிரா ஆனந்துக்குத் தயாராக உதவினார்னு பின்னால் ஆனந்தே சொன்னார். செஸ்காரங்க இப்படித்தான்.

இங்கே நிறுத்தினா நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனா 2013 நவம்பர் இருக்கே.

சென்னை, ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். சொந்த ஊர், சொந்த ஜனம். ஆனந்துக்கு 43 வயது, எதிரில் 22 வயது மேக்னஸ் கார்ல்சன். கார்ல்சனுடைய பலம் விசித்திரமானது. ஓப்பனிங்கில் அவருக்கு எதுவும் தேவையில்லை. சமமான, சுவாரஸ்யமே இல்லாத ஒரு நிலை கொடுத்தா போதும், அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் பிழிஞ்சுக்கிட்டே இருப்பார். எதிராளி களைச்சு ஒரு சின்னத் தப்பு பண்ணும் வரை.

ஆனந்த் முதல் எட்டு ஆட்டங்களில் பெரும்பாலும் ஜாக்கிரதையா, கட்டுக்கோப்பா ஆடினார். தப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் ஆட்டம். விபரீதம் என்னன்னா, தப்பே வராத அந்த அமைதிதான் கார்ல்சனுக்கு வேண்டிய தண்ணீர். ஐந்தாவதும் ஆறாவதும் யானைகள் மட்டும் மிஞ்சிய எண்ட்கேம்கள். ரெண்டையும் டிரா செஞ்சிருக்கலாம். ஐந்தாவது 58 நகர்வு, ஆறாவது 67 நகர்வு, ரெண்டிலும் ஆனந்த் கடைசியில் வழுக்கினார். ஆறாவதில் வெள்ளை ஆனந்துக்கு. இ4 ஆடினார். கார்ல்சன் பதிலுக்கு எடுத்தது எதை? பெர்லினை. லண்டன் சுவர் நம்ம ஊருக்கே வந்து சேர்ந்துடுச்சு.

ஒன்பதாவது ஆட்டம், 5-க்கு 3 என்று பின்தங்கிய நிலை. இனி ஒளிஞ்சுக்க எதுவும் இல்லை. ஆனந்த் டி4 ஆடி, நிம்சோ-இந்தியனில் ரொம்ப ஆக்ரோஷமான வழியைத் தேர்ந்தெடுத்தார். ராஜா பக்கத்துச் சிப்பாய்களெல்லாம் கார்ல்சனின் ராஜாவை நோக்கி அணிவகுத்துப் போச்சு. மறுபக்கம் கார்ல்சனின் ஒரே ஒரு சிப்பாய் ராணியாவதற்கு ஓடி வந்துக்கிட்டிருக்கு. யார் முதல்ல போய்ச் சேர்றாங்க? மேட்ச் முழுக்க நாம காத்துக்கிட்டிருந்த ஆட்டம். ஆனந்தின் மூளைக்கென்றே செய்த மாதிரி ஒரு நிலை.

27-ஆவது நகர்வில் அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாச்சு, கூடவே செக். ஆனந்த் எஃப்1 கட்டத்தில் எதையாவது குறுக்கே வைக்கணும். ரெண்டு வழி. பிஷப், அல்லது ஜி3-இல் நின்ற குதிரை. அடுத்து அவர் யானை ஹெச்4-க்குப் போனால் மேட் நெருங்கிடும்.

குதிரையை எடுத்து வச்சார். கார்ல்சன் புது ராணியை இ1-க்கு நகர்த்தினார். இ1-லிருந்து ஹெச்4-க்குப் போற மூலைவிட்டப் பாதையை அதுவரை மறிச்சு நின்னது ஜி3-இல் இருந்த அதே குதிரைதான். அது நகர்ந்ததும் பாதை திறந்துடுச்சு. யானை இனி ஹெச்4-க்கு வந்தால் ராணி வெட்டிடும். ஆனந்த் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டார். பிஷப்பை வச்சிருந்தா ஆட்டம் டிராவை நோக்கிப் போயிருக்கும், மேட்சில் உயிர் மிஞ்சியிருக்கும்.

நவம்பர் 22, பத்தாவது ஆட்டம் டிரா. 6.5-க்கு 3.5. பட்டம் நார்வேக்குப் போச்சு.

ஷிரோவ் கதை பாக்கி இருக்கு இல்லையா, அதை இன்னொரு எபிசோடில் பேசுவோம்.